முளைக்குச்சியில் கட்டிய சொல்

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பாதையில் இருக்கிறது இத்தலார். படுகர்கள் வாழும் ஊர். சரிவெல்லாம் தேயிலை, இடையிடையே கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். இந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் ஏதாவது சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குப் போனால், கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “பட்டா காப்பி அட்டாச் பண்ணணும்ண்ணா. ஆதாரும் கொண்டு வந்திருக்கீங்களா?”

அவர் திகைப்பதில்லை. அட்டாச் என்பது அவருக்கும் பழகிய சொல். ஊட்டியில் பஸ் விட்டு இறங்கினால் லாட்ஜ் வாசல்தோறும் அட்டாச்டு பாத்ரூம் என்ற பலகை கண்ணில் படும். வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், தான் ஆறு மாதம் வேறொரு பிரிவில் அட்டாச்மெண்ட்டில் இருந்த கதையைச் சொல்வார். கடனைக் கட்டாத ஒருவருடைய நிலத்தை நீதிமன்றம் அட்டாச் செய்துவிட்டதாக டீக்கடையில் பேச்சு வரும். குழந்தை தாத்தாவை விட்டு நகர மறுத்தால், “அவருகிட்ட ரொம்ப அட்டாச்டு” என்பார்கள்.

பாத்ரூம், ராணுவம், நீதிமன்றம், குழந்தை. இத்தனைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

பதில், மண்ணில் அடித்த ஒரு மரக்குச்சியில் இருக்கிறது. பிரான்சு நாட்டுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்தவர்கள் பிராங்குகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார். அவர்கள் பேச்சில் முளைக்குச்சிக்கு ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத்தில் ஸ்டேக் என்று இன்றும் வழங்குவது அதன் உடன்பிறப்பு. அந்தச் சொல் பழைய பிரெஞ்சுக்குள் புகுந்து ‘எஸ்தாஷியே’ என்ற வினையானது. குச்சி நட்டுக் கட்டு, குச்சி கொடுத்துத் தாங்கு என்று பொருள். பின்னால் அதன் தலைப்பகுதி மாறி ‘அதாஷியே’ என்றாகி, கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் அட்டாச் ஆனது. மலைத்தோட்டத்தில் நம் விவசாயி கொடி பீன்ஸுக்குக் குச்சி நட்டுக் கொடியை அதில் கட்டிவிடுகிறாரே, அந்த வேலைக்குப் பழைய பிரெஞ்சுக்காரர் சொல்லியிருக்கக்கூடிய வினை இதுதான்.

தமிழில் அந்த முளைக்குச்சிக்கு நேர் சொல் கட்டுத்தறி. மாட்டையோ யானையையோ கட்டிவைக்கும் கம்பம். கம்பர் வீட்டில் அது கவிகூடப் பாடும் என்பது ஊரறிந்த பழமொழி. பிரெஞ்சுக்காரன் வீட்டுக் கட்டுத்தறி கவி பாடவில்லை. வினைச்சொல்லாகி உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

இங்கே ஒரு வியப்பு. ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டுவது என்ற பொருளில்தான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அதன் பொருள், சட்டப்படி ஆளைப் பிடிப்பது, சொத்தைப் பிடித்துவைப்பது. சாதாரணமாகக் கட்டு, இணை என்ற பொருள் 1400ஐ ஒட்டித்தான் வருகிறது. காரணம் வரலாற்றில் உள்ளது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றங்களில் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்காடுவதை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி 1362இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே பிரெஞ்சுச் சொற்கள் பல, தெருவுக்கு வரும் முன்பே கோர்ட்டுக்கு வந்துவிட்டன. அட்டாச் அவற்றில் ஒன்று. சாமானியன் அதை முதலில் கேட்டது அமீனா வாயிலிருந்துதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால இங்கிலாந்தில் அரசனின் காடுகளுக்கென்று தனி நீதிமன்றங்கள் இருந்தன. அவற்றில் அடிமட்டத்தில் இருந்ததற்குப் பெயரே அட்டாச்மெண்ட் கோர்ட். நாற்பது நாளைக்கு ஒருமுறை கூடும். அரசன் காட்டில் பச்சை மரம் வெட்டியவன், மானைத் தொட்டவன் என்று பிடிபட்டவர்கள் பட்டியல் அங்கே எழுதப்படும். காட்டின் ஓரத்தில் குடியிருந்து, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் காட்சியை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோர்ட்டுப் பொருள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. கடன்பட்டவர் தீர்ப்புக்குப் பிறகும் பணம் கட்டாவிட்டால் அவர் சொத்தை அட்டாச் செய்யலாம். தமிழ்நாட்டு மக்கள் இதை ஜப்தி என்பார்கள். அது அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். அக்பர் காலத்து நிலவரி முறைக்கும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான். சட்டத் தமிழில் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு: பற்றுகை. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, எதையெல்லாம் ஜப்தி செய்யலாம் என்பதைவிட எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்வதில்தான் சுவாரசியமானது. கடனாளியும் அவர் மனைவி மக்களும் உடுத்தத் தேவையான துணிகளைத் தொடக்கூடாது. சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் உடலைவிட்டுக் கழற்றக்கூடாத நகை, அதாவது நம்மூரில் தாலி, அதுவும் கூடாது. கைவினைஞரின் கருவிகளைத் தொடக்கூடாது. கடனாளி விவசாயி என்றால் அவருடைய உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய கால்நடை, விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கும் காப்பு உண்டு. கூலித் தொழிலாளியின் கூலியில் கைவைக்க முடியாது. தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூலி, காசாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், இந்த வேலிக்குள் வந்துவிடும். முளையில் கட்டும் சட்டமே, எதை முளையில் கட்டக்கூடாது என்றும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறது. வெள்ளைக்கார அரசு எழுதியதில் மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட பக்கங்களுக்குள் இதை ஒன்றாகச் சேர்க்கலாம்.

நிலத்தை எப்படிக் கட்டிப்போடுவது? அமீனா அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கும் விதி இருக்கிறது. நிலத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்ற உத்தரவை அந்த நிலத்திலோ அருகிலோ பறையடித்தோ ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அறிவிக்க வேண்டும். அதன் நகலைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தண்டோரா போடுவதைக் கைவிடும்படி 2022இல் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சட்டப் புத்தகத்தில் அந்தப் பறை இன்னும் இருக்கிறது.

அட்டாச் என்ற சொல்லுக்கு ஒரு சண்டைக்கார உடன்பிறப்பும் உண்டு. அட்டாக். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று சேர்ப்பது, மற்றது மோதுவது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். இத்தாலியர்கள் ‘அத்தக்காரே’ என்ற வினையைக் கட்டு, சேர் என்ற பொருளில் வைத்திருந்தார்கள். அதையே போர் என்ற சொல்லோடு சேர்த்து, போரில் இறங்குவதற்கும் சொன்னார்கள். அந்த வழக்கு பிரெஞ்சு வழியாக 1600ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, போர் என்ற சொல் உதிர்ந்துவிட்டது. கட்டு என்ற சொல் மட்டும் நின்று, தாக்கு என்று பொருள்பட்டது.

சேர்ப்பதும் தாக்குவதும் எப்படி ஒரே சொல்லாகும் என்று ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் குழம்பலாம். தமிழ்ப் பிள்ளை குழம்பவே வேண்டாம். பூவைத் தொடுக்கிறோம். போரையும் தொடுக்கிறோம். வில்லில் அம்பைத் தொடுக்கிறோம். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டினால் வழக்குத் தொடுக்கிறோம். இத்தாலியர் அத்தக்காரேயில் கண்ட அதே வழியைத் தமிழர் தொடு என்ற சொல்லில் தனியாகக் கண்டிருக்கிறார்கள். அடிதடிக்குக் கைகலப்பு என்று பெயர் வைத்ததும் அதே புத்திதான்.

கட்டியதை அவிழ்ப்பது டிடாச். இத்தாலிய இசையில் ஸ்டக்காட்டோ என்றால் சுரங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வெட்டி வெட்டி வாசிப்பது. அதுவும் முளையிலிருந்து அவிழ்த்துவிட்ட சொல்தான். இளையராஜா பாட்டில் வயலின்கள் துள்ளித் துள்ளி நிற்கும் இடத்தைக் கேட்கும்போது, அது அட்டாச்சின் எதிர்ச்சொல் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டது. தூதரின் அலுவலகத்தோடு இணைக்கப்பட்ட அதிகாரியை அட்டாஷே என்றார்கள். அவர் காகிதங்களை வைத்துக்கொண்டு போன தட்டையான பெட்டி அட்டாஷே கேஸ். வடக்கே இந்தியில் அதிகாரி மறைந்து, கேஸும் மறைந்து, அட்டாச்சி என்ற அடைமொழி மட்டும் பெட்டிக்கே பெயராகிவிட்டது. ரயில் நிலையத்தில் சுமைதூக்குபவரிடம் அட்டாச்சி என்றால் அவர் சூட்கேஸைத்தான் பார்ப்பார், தூதரைத் தேட மாட்டார்.

சரி, அட்டாச்டு பாத்ரூம்? இங்கிலாந்துக்காரர் ஹோட்டலில் இதற்கு ஒரு பிரெஞ்சுத் தொடரைச் சொல்வார். அட்டாச்டு பாத்ரூம் என்பது பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்து ஆங்கிலம். அந்தத் தொடருக்குப் பின்னால் கொஞ்சம் கட்டடக்கலையும் இருக்கிறது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் வீடு கட்டியது 1819இல். ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கியது 1822இல். பிறகு மலையெங்கும் பங்களாக்கள் எழுந்தன. அந்தக் கால பங்களாக்களில் படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை இருக்கும்; குழாய் இருக்காது. வெந்நீரைத் தூக்கிவரும் ஆளும் துப்புரவு செய்யும் ஆளும் வந்துபோக அதற்குத் தனியாக வெளிக்கதவு. துரையின் அறையோடு குளியலறை ஒட்டியிருந்தது, அதைச் சுத்தம் செய்தவர் ஒட்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். இன்று சீசனில் அறை தேடி அலையும் குடும்பத்துக்கு அந்தப் பலகை தரும் ஆறுதல் வேறு: ராத்திரி குளிரில் வெளியே நடக்க வேண்டாம்.

மலையே சில காலம் அங்குமிங்குமாக அட்டாச் ஆகிக் கிடந்ததுதான். கோவையோடு இருந்த நீலகிரியின் பெரும்பகுதியை 1830இல் மலபாரோடு சேர்த்தார்கள். 1843இல் திரும்பக் கோவையோடு. 1868இல் தனி ஆணையரின் கீழ் வந்தது; 1877இல் தென்கிழக்கு வயநாட்டைப் பிரித்து இதனோடு ஒட்டினார்கள். கூடலூர்ப் பக்கம் நீலகிரிக்கு வந்த கதை அது. 1882இல் நீலகிரிக்குத் தனி ஆட்சியர் வந்தார்.

அட்டாச் என்ற சொல்லை உடம்பால் உணர வேண்டுமானால் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏற வேண்டும். வழக்கமாக ரயிலில் இன்ஜின் முன்னால் இருக்கும். இங்கே குன்னூர் வரை பின்னால் இருந்து தள்ளுகிறது. கல்லாறுக்கு மேலே 12.5 அடி போனால் ஓர் அடி உயரும் அளவுக்கு ஏற்றம். பெட்டிகளின் பாரம் பின்னோக்கிச் சரிந்தால், கீழ்ப்பக்கம் நிற்கும் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வரிசைக் கம்பிகள் ஓடுகின்றன. இன்ஜினின் பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. குன்னூரில் இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டுகிறார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரயில்வேக்காரர் பேச்சில் பெட்டியோ இன்ஜினோ எப்போதும் அட்டாச் ஆகும், டிடாச் ஆகும். கொக்கி மாட்டி, சங்கிலி இறுக்கி, கையில் கிரீஸ் அப்பிக்கொள்ளும் அட்டாச் அது.

கிரீஸ் படாத அட்டாச், இ-சேவை மையத்தில் நடப்பது, மிகவும் இளையது. மின்னஞ்சல் பல ஆண்டுகள் வெறும் எழுத்தாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படத்தையும் ஒலியையும் அதோடு ஒரு பொது முறையில் சேர்த்து அனுப்ப வழி வகுத்தவர்களில் ஒருவர் நதானியேல் போரன்ஸ்டைன் என்ற அமெரிக்கர். 1992 மார்ச் 11 அன்று அவர் அனுப்பிய மடலில், அவரும் நண்பர்கள் மூவரும் இருக்கும் பாட்டுக்குழுவின் படமும் அவர்கள் பாடிய பாட்டும் இணைந்திருந்தன. இன்று கைபேசியில் காகிதக் கொக்கிப் படத்தைத் தொட்டுப் பட்டாவை அனுப்புகிறவர் பயன்படுத்துவதும் அடிப்படையில் அந்த ஏற்பாட்டைத்தான். அரசுக் கடிதங்களின் அடியில் இதற்கு இணைப்பு என்ற நல்ல சொல் வெகுகாலமாக இருக்கிறது. கவுண்டரில் மட்டும் அதைக் காணோம்.

தாத்தாவை விட்டு நகராத குழந்தைக்கு வருவோம். ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1969இல் அட்டாச்மெண்ட் என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயோடு ஒட்டுகிறது என்ற பழைய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பாதுகாப்புக்காக ஒருவரை நெருங்கியிருப்பதே தனித் தேவை என்றார். அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், உகாண்டா நாட்டுக் கிராமங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் நேரில் பார்த்தவர். குழந்தை தவழ்ந்து போகும், எதையாவது எடுத்துப் பார்க்கும், திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கும், மறுபடி போகும். அம்மாவை நடுவில் வைத்து வட்டமிடுவது போல. முளையில் கட்டிய கன்று கயிற்றின் நீளத்துக்கு மேய்ந்துவிட்டு வருவதை நினைத்துப் பாருங்கள். மனவியலாளர்கள் தெரிந்து வைத்தார்களோ இல்லையோ, சொல் தன் பழைய குச்சிக்கே வந்து நிற்கிறது.

இதற்கு நீலகிரியிலேயே உலகம் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய ‘தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயில்லாத யானைக்குட்டி ரகுவை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அதில் வருகிறார்கள். வளர்ந்த ரகுவை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் நாள் வருகிறது. அதுவரை அட்டாச்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டேயிராதவருக்கும் அந்த இடத்தில் அதன் பொருள் புரிந்துவிடும்.

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பற்றுகை. ஆங்கிலச் சொல் முளையில் தொடங்கியது. தமிழ்ச் சொல் கையில் தொடங்குகிறது. பற்று என்றால் முதலில் கையால் பிடிப்பது. அதிலிருந்து கொடி படரப் பற்றுக்கோடு வந்தது. உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர் வந்தது. மனம் பிடித்துக்கொள்வது மொழிப்பற்று, நாட்டுப்பற்று. விட முடியாமல் பிடித்திருப்பது துறவிகள் பயப்படும் பற்று. திருக்குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். ஏழு சீர்களில் ஆறில் பற்று இருக்கிறது. சொல்லைச் சொல்லால் கழற்ற முயன்ற வேலை அது.

சட்டத் தமிழுக்குச் சொல் தேடியவர்கள் பற்றுகை என்று வைத்ததற்கு ஒரு சபாஷ் போடலாம். ஆங்கிலத்தில் ஆசைக்கும் ஜப்திக்கும் ஒரே சொல் என்றால், தமிழிலும் ஒரே வேர்.

ஆனால் அட்டாச்சால் செய்ய முடியாத ஒன்றைப் பற்று செய்யும். தீ பற்றும். அடுப்பைப் பற்றவைக்கலாம், வெல்டிங் பட்டறையில் உடைந்த இரும்பைப் ‘பத்த வைக்க’லாம், இரண்டு பேருக்கிடையே ஒரு வார்த்தையைப் போட்டுப் ‘பத்த வைக்க’வும் செய்யலாம். படுகர்கள் பேசும் படுகு மொழிக்கு நெருங்கிய கன்னடத்திலும் ஹத்து என்ற சொல்லுக்கு ஒட்டு என்றும் தீப்பிடி என்றும் பொருளுண்டு. மலை ஏறுவதற்கும் அதுவே சொல். இப்படிப்பட்ட உறவுகளைத் தேடி 1930களில் நீலகிரிக்கு வந்து, தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் அவர்களிடமே கேட்டு எழுதியவர் மரே எமனோ. தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்த மலையின் சிறிய மொழிகள் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன.

பற்று வந்து சேர்ந்த இடங்களில் கணக்குப் புத்தகமும் ஒன்று. இத்தலாரில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் பறித்த பச்சைத் தேயிலை மூட்டைகளாக அங்கே போகிறது. அதற்கான பணம் பிறகு கணக்கில் வருகிறது. வந்தால் வரவு. எடுத்தால் பற்று, அதாவது கை நீட்டிப் பிடித்துக்கொண்டது. உங்கள் வங்கிப் பாஸ்புக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பற்று என்ற தலைப்பின் கீழே வரிசையாக நிற்பதெல்லாம் கையை விட்டுப் போன பணம்.